முழந்தாளில் ஒரு தாய், ஒரு தந்தை



கார்த்திகை மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம். இரண்டாந் திகதி சேமக்காலைக்குப் போவோம். புல் செருக்கி, கல்லறைக்கு வெள்ளை பூசி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நம் பக்கம் வரும்வரையும் நம்மவர் கல்லறையருகே காத்து நிற்போம். இவ்வாண்டு அப்படிக் காத்து நிற்கும் வேளையில் தூரதேசத்துச் சேமக்காலை ஒன்றையும் நினைத்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

பெல்ஜியம் நாட்டின் மேற்குக் கரையோரப் பகுதியில் விளாட்ஸ்லோ என்றோர் ஊர். அங்கே பெரிய மரங்களின் நிழலில், முதலாம் உலகப் போரில் மாண்ட யேர்மன் போர்வீரர் 25,000 பேருக்கு மேல் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கிறார்கள். எடுப்பான கல்லறைகள் இல்லை. தரையோடு தரையாய்ப் பதித்த கற்கள், கற்களில் வரிசையாய்ப் பெயர்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர்களை நோக்கியபடி கருங்கல்லிற் செதுக்கிய இரண்டு உருவங்கள் முழந்தாளில் இருக்கின்றன. ஒன்று தந்தை. நிமிர்ந்த முதுகு, குளிரில் நடுங்குபவர் தம்மைத் தாமே இறுக்கிப் பிடிப்பதுபோல் மார்போடு கட்டிய கைகள். மற்றது தாய். அவர் தலையும் முதுகும் நன்றாகக் குனிந்துவிட்டன. இருவரும் ஒரே கல்லில் இல்லை. தனித்தனிப் பீடம், நடுவே வெளி. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஒருநாளாவது இருந்து பார்த்தவர்களுக்கு அந்த வெளியின் பொருள் விளங்கும். தாயின் துக்கத்துக்குள் தந்தையால் போக முடியாது. தந்தையின் துக்கம் வாய் திறப்பதில்லை.

அவை கற்பனை முகங்கள் அல்ல. தந்தை கார்ல் கொல்விற்ஸ். பேர்லின் நகரின் தொழிலாளர் பகுதியொன்றில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். தாய் கேத்தே, சித்திரமும் சிற்பமும் செய்தவர், அந்தச் சிலைகளை உருவாக்கியவரும் அவரே. அவர்களுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் ஹான்ஸ், இளையவன் பீற்றர்.

பீற்றருக்கு ஏழு வயதாயிருக்கையில், 1903இல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயொருத்தியைக் கேத்தே சித்திரமாக வரைந்தார். அதற்கென மகனைக் கைகளில் ஏந்தி, கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே வரைந்தார். பாரந் தாங்காமல் அவர் முனகியபோது, படம் நன்றாக வரும், பேசாமலிருங்கள் என்று பொடியன் தாயைத் தேற்றினானாம். பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

1914 ஓகஸ்டில் போர் மூண்டது. நோர்வேயில் விடுமுறையில் நின்ற பீற்றர் ஓடிவந்தான். வயது பதினெட்டு. படையிற் சேர விரும்பினான்; வயது போதாமையால் தகப்பனின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். பையன் தாயின் முகத்தைப் பார்த்தான். கேத்தே எழுந்து நின்று மகனுக்காகக் கணவனிடம் மன்றாடினார். கார்ல் இணங்கினார்.

அந்தத் தாயைக் குற்றஞ்சாட்ட அவசரப்படாதீர்கள். அந்த நாட்களில் தாய்நாடு, தியாகம் என்ற சொற்களே யேர்மனியெங்கும் ஒலித்தன. எதிர்ப்பக்கத்து நாடுகளிலும் அப்படித்தான். போருக்குப் போவோரை ஆசீர்வதித்துப் பிரசங்கம் வைத்த குருக்கள் இருதரப்பிலும் இருந்தார்கள். அதை எழுதும்போது எனக்கு வெட்கமாய் இருக்கிறது. தேவன் எம்மோடிருக்கிறார் என்ற வாசகம் பிரஷ்யப் போர்வீரனின் இடைவார்ப் பட்டியிலே பொறிக்கப்பட்டிருந்தது. அயல்நாடான பெல்ஜியத்துக்குள் அத்துமீறி நுழைந்த சேனையின் இடுப்பில் தேவனுடைய பெயர்!

ஒக்டோபர் நடுப்பகுதியிற் பீற்றர் போர்முனைக்குப் புறப்பட்டான். இரண்டு கிழமை ஆகுமுன், அம்மாதம் 22ஆந் திகதி இரவில், டிக்ஸ்மூட என்னும் ஊருக்கருகில் சூடுபட்டு மாண்டான். மாத முடிவில் வீட்டுக்குச் செய்தி வந்தது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிள்ளையை இழந்தது ஒரு துக்கம். ‘போக விட்டது நான்தானே’ என்ற எண்ணம் மற்றொரு துக்கம். முன்னையதைக் காலம் கொஞ்சம் ஆற்றும். பின்னையது இராக்காலங்களில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், போரில் மகனை இழந்து சில ஆண்டுகள் சென்றிருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். தாயார் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்: “சுவாமி, அவன் போகேக்கை சாப்பாடு கட்டிக் குடுத்துவிட்டது நான்தான். போட்டு வா ராசா எண்டு படலை மட்டும் வந்து சொன்னதும் நான்தான். எனக்குப் பாவம் இருக்குதோ?” நான் தேவ சித்தத்தைப் பற்றிச் சொன்னேன், நித்திய சீவியத்தைப் பற்றிச் சொன்னேன், அர்ச்சியசிஷ்டவர்களின் சமூக உறவைப் பற்றியுஞ் சொன்னேன். குருமடத்தில் படித்தது எல்லாம் வரிசையாய் வந்தது. ஒன்றும் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது அதையல்ல. கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ சுவாமி” என்று குசினிக்குள் போய்விட்டார்.

வேதாகமத்திலே இந்தக் கேள்வியைச் சுமந்த தகப்பன் ஒருவர் இருக்கிறார். தாவீது அரசன் அப்சலோமுக்கு எதிராகப் படையை அனுப்பினார். பிள்ளையைப் பார்த்து நடத்துங்கள் என்று தளபதிகளிடம் கெஞ்சியும் விட்டார். வெற்றி கிடைத்தது, மகன் செத்தான். வாசலின் மேல்மாடத்துக்கு ஏறிப்போய், மகனுக்குப் பதிலாகத் தாம் செத்திருக்கலாகாதா என்று அரசன் அழுத அழுகை சாமுவேல் ஆகமத்தில் இருக்கிறது. படையை அனுப்பிய கையும் கண்ணீரைத் துடைத்த கையும் ஒன்றுதான். யோவாப் வந்து கடிந்துகொள்கிறான். அரசியற்காரனுக்கு அழுகை இடைஞ்சல். ஆனால் ஆகமத்தை எழுதியவர் அந்த அழுகையை மறைக்கவில்லை, அதற்கு நியாயம் சொல்லவுமில்லை. அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கேத்தேயும் தம் அழுகையை மறைக்கவில்லை. 1914 டிசெம்பரிலேயே மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யத் தீர்மானித்தார். மகன் நீட்டிக் கிடக்க, தலைமாட்டில் தந்தையும் கால்மாட்டில் தாயும் என்று முதலில் எண்ணினார். செய்தார், அழித்தார், மறுபடி செய்தார். 1919இல் கைவிட்டார், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் தொடங்கினார். இதற்கிடையில் அவர் மனதிலே பெரிய மாற்றம். மகன் எதற்காகச் செத்தான் என்று நம்பினாரோ அந்தப் போரே பைத்தியக்காரத்தனம் என்று காணத் தொடங்கினார். உடனே இன்னொரு வேதனை பிடித்தது: அப்படிச் சொன்னால் செத்த பிள்ளைக்குத் துரோகம் செய்வதாகாதா? தம் நாட்குறிப்பில் மகனையே விளித்து இதை அவர் கேட்டார்.

நம்மிற் பலருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இந்நாட்டில் 2009 மே மாதத்தில் முடிந்த போரிலே மடிந்த பிள்ளைகளின் தாய்மார் வடக்கிலும் இருக்கிறார்கள், தெற்கிலும் இருக்கிறார்கள். பிள்ளையை விரும்பி அனுப்பியவர்களும் உண்டு, பறிகொடுத்தவர்களும் உண்டு, முழந்தாளிட ஒரு கல்லறைகூட இல்லாதவர்களும் உண்டு. ‘அவன் வீணாய்ச் செத்தான்’ என்று ஒருவர் சொன்னால் அந்தத் தாய் துடிக்கிறாள். ‘வீரமாய்ச் செத்தான்’ என்று இன்னொருவர் மேடைபோட்டுச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து தனியே அழுகிறாள். இரண்டையும் சொல்லாதிருக்க நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேத்தே கண்ட வழி வேறு. 1918 ஒக்டோபரில், இன்னும் ஆட்களைப் போர்முனைக்கு அழைத்த ஒரு கவிஞருக்குப் பத்திரிகையிலே பகிரங்கமாய் மறுமொழி எழுதினார். செத்தது போதும், இனி ஒருவனும் சாகக்கூடாது என்பதே அதன் சாரம். போரைத் தள்ளினார், மகனைத் தள்ளவில்லை. சின்னத்திலிருந்தோ மகனின் உருவத்தை எடுத்துவிட்டார். எஞ்சியது பெற்றோர் இருவரும் அவர்களுடைய முழந்தாளும்.

1932 ஆடியில் சிலைகள் பெல்ஜியத்துக்குப் போயின. மகன் வாழ்ந்தது பதினெட்டு ஆண்டுகள். கல் முடியவும் ஏறக்குறைய அத்தனை ஆண்டுகள். அன்று தாயின் சிலைமுன் நின்று தம் முகத்தையே கண்டு அழுது, அந்தக் கற்கன்னத்தைத் தடவினார் கேத்தே. கார்ல் பின்னால் நெருங்கி நின்றார். பின்னர் அங்கிருந்த புதைகுழிகள் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டபோது, பீற்றரின் எச்சங்களோடு சிலைகளும் கூடவே போயின. எந்த மண்ணை அந்தச் சேனை மிதித்ததோ, அந்த மண்ணிலேயே அதன் பெற்றோர் இருவர் இன்றும் முழந்தாளில் இருக்கிறார்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மூத்தவன் ஹான்சுக்குப் பிறந்த ஆண்பிள்ளைக்குச் சிறிய தகப்பனின் பெயரே, பீற்றர். கிழவியான கேத்தே 1942 அளவில், தம் கைகளுக்குள்ளே பையன்களை அடக்கி மூடும் ஒரு தாயைக் கல்லச்சில் வரைந்தார். விதைக்க வைத்த தானியத்தை அரைக்கக்கூடாது என்பது அதன் தலைப்பு. விதைநெல்லைக் குத்தித் தின்னாத நம் கமக்காரருக்கு விளக்கவும் வேண்டுமோ? அதே ஆண்டு செப்டெம்பரில் பேரன் பீற்றர் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். கேத்தே 1945 ஏப்ரில் 22இல் கண்மூடினார். போர் முடிய இன்னும் இரண்டு கிழமைக்குச் சற்று அதிகம் இருந்தது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். நம் செபங்களைச் சொன்னவரல்லர். ஆயினும் மகன் மாண்ட நாளின் நினைவிலே, 1937இல், இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயைச் சிறிதாய்ச் செய்துகொண்டிருந்தார். வியாகுல மாதாவை அறிந்த நமக்கு அது யாரென்று தெரியும். அந்தச் சிலையின் பெரிய பிரதியொன்று 1993 முதல் பேர்லின் நகரில் ஒரு மண்டபத்தின் நடுவே தனித்திருக்கிறது.

இன்னொன்றையும் பலர் அறியார். ஆத்துமாக்கள் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்யலாம் என்ற உரிமையை முழுத் திருச்சபைக்கும் கொடுத்தவர் பரிசுத்த தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர், ஆண்டு 1915. பீற்றர் மாண்டு ஓராண்டு நிறையவில்லை. ஐரோப்பா எங்கும் இளைஞர் குவியல் குவியலாய்ச் செத்துக்கொண்டிருந்த காலம். அந்த மரணங்கள் அவர் மனதை அழுத்தின. மூன்றில் ஒரு பூசை மரித்த விசுவாசிகள் எல்லாருக்குமாக ஒப்புக்கொடுக்கப்படவேண்டும். எந்தச் சேனை, எந்தச் சீருடை என்று பிரிக்கவில்லை. இக்கார்த்திகையில் நீங்கள் கோவிலில் அந்தப் பூசைக்கு நிற்கும்போது, பெயர் தெரியாத எத்தனையோ பீற்றர்களுக்காகவும் நிற்கிறீர்கள்.

அந்தத் தாயார் வீட்டுக்கு அடுத்த வருடம் மறுபடியும் போனேன். பிரசங்கம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. “பிள்ளையின் படம் இருக்குதா அம்மா?” என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, முதல்நன்மை வாங்கிய அன்று பிடித்த படத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தார். சப்பாத்து இறுக்கம் என்று அவன் அன்று காலையில் அடம்பிடித்ததிலிருந்து தொடங்கினார். திரிகால மணி அடித்தது. இருவரும் எழுந்து செபஞ் சொன்னோம். பிறகு இருந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னார்.