சம்மதம் என்றால் யாருடைய சம்மதம்? வெளிநாட்டில் வாழும் தம்பதியரும் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதும்

 

இந்த விஷயத்தை மிம்பரில் பேசலாமா என்று இரண்டு வாரம் தயங்கினேன். ஆனால் மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதே, மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகத்தானே. கேட்க வெட்கமில்லாத விஷயத்தைச் சொல்ல எனக்கு ஏன் வெட்கம்?

சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு தம்மாமிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நம் பேர்ணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளை. இங்கே தோல் ஷாப்பில் வேலை பழகி, அங்கே போனவர். முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. அது பிறந்த எட்டாம் மாதம் மனைவியையும் அழைத்துக்கொண்டார். "ஹஜ்ரத், அடுத்த பிள்ளையை இரண்டு வருஷம் தள்ளிப்போட காப்பர்-டி போடலாமா, கூடுமா?" என்று கேட்டார். "கூடும்பா, தற்காலிகமானதுதானே" என்றேன். இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிட்டேன்.

நான் சொன்ன மஸ்அலாவில் தவறில்லை. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஸஹாபாக்கள் அஸ்ல் செய்தார்கள், அது நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிந்தும் தடுக்கவில்லை என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. அதை வெறுத்துச் சொன்ன அறிவிப்பும் இருக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்துத்தான் பெரும்பாலான இமாம்கள் ஆகும் என்றார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், கணவன் மனைவி இருவரும் கலந்து பேசி ஒப்புக்கொண்டு, உடலுக்குக் கேடில்லாத வழியில் பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவது கூடும் என்றது. தக்க மருத்துவக் காரணம் இல்லாமல் நிரந்தரமாகக் கருவளத்தை அழிப்பது ஹராம் என்றும், இத்தனை பிள்ளைதான் என்று அரசு சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. எமர்ஜென்சி காலத்து நஸ்பந்தியை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது வேறு, இது வேறு.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண், என் வீட்டில் உள்ளவர்களிடம் போனில் பேசினாள். அப்போதுதான் முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது. ஊரில் டாக்டரம்மா அவளுக்கு வாரம் ஒரு முறை போடும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, 1991 முதல் சஹேலி என்ற பெயரில் விற்கும் மருந்து அது. அரசு ஆஸ்பத்திரிகளில் சாயா என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அதில் ஹார்மோன் இல்லை. பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். ஆனால் நம் நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் கிடைக்காது. கொண்டுபோன அட்டை தீர்ந்ததும், அங்கே மருந்துக்கடையில் கொடுத்த தினசரி ஹார்மோன் மாத்திரையைப் போட்டிருக்கிறாள். தலைவலி, வாந்தி. ஒற்றைத் தலைவலியும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது. அதை அவளுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.

டாக்டரிடம் பேசியது கணவர். பாஷை அவருக்குத்தான் தெரியும். இன்ஷூரன்ஸ் அட்டை அவர் பேரில், இகாமா அவர் ஸ்பான்சரில். என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று அவளுக்குத் தெரியாது. "ஹஜ்ரத்தே கூடும்னு சொல்லிட்டாரு" என்று மட்டும் வந்து சொல்லியிருக்கிறார். என் வாயிலிருந்து போன ஒரு வார்த்தை, அவள் வாயை அடைத்துவிட்டது.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். "அவ என்ன சொல்றாப்பா?" என்ற ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை.

பாகியாத்தில் ஓதிய காலத்தில் ரத்துல் முஹ்தாரில் இந்தப் பாடத்தை வாசித்திருக்கிறேன். மனைவியின் அனுமதி இல்லாமல் கணவன் அஸ்ல் செய்வது நம் மத்ஹபின் அடிப்படையில் வெறுப்புக்குரியது. பிள்ளை பெறுவதில் அவளுக்கும் ஹக் இருக்கிறது என்பதே காரணம். சரி, கணவனைக் கேட்காமல் மனைவி கருப்பை வாயை அடைத்துக்கொள்ளலாமா? அல்-பஹ்ருர் ராயிக் எழுதிய இப்னு நுஜைம், அதுவும் அவன் அனுமதியின்றி ஹராமாக வேண்டும் என்று கருதினார். அன்னஹ்ருல் ஃபாயிக் எழுதியவர் அவருடைய சொந்தத் தம்பி. பெண்கள் அப்படிச் செய்துகொள்வது வழக்கம்தான், அது ஆகும் என்று தம்பி சொன்னார். அண்ணன் தம்பிக்குள்ளேயே இவ்வளவு கருத்து வேறுபாடு! நானூறு வருஷத்துக்கு முன்பே நம் உலமாக்கள் மனைவிக்கு இதில் சொல் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அலசியிருக்கிறார்கள். நான் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டேன்.

இங்கே ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. அல்-பகரா 233-ஆம் வசனத்தில், பால்குடியை நிறுத்துவதற்கே தாயும் தந்தையும் மனமொப்பி, ஆலோசித்து முடிவு செய்வதை அல்லாஹ் வைத்திருக்கிறான். பால் நிறுத்தும் விஷயத்துக்கே அப்படியென்றால், கரு தரிக்கும் விஷயத்துக்கு? ஆலோசனை என்பது இரண்டு பேரும் பேச முடிந்தால்தான் ஆலோசனை. தாய்வீடு இல்லாத, பாஷை தெரியாத, ஒரு டாக்டரைப் பார்க்கக்கூட ஒருவரையே நம்பியிருக்கும் பெண் தலையாட்டினால், அது ரிளாவா, வேறு வழியில்லாத மௌனமா? ஊரில் இருந்தால் மாமியாரிடம் கோபித்துக்கொண்டாவது உம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். அங்கே அதுவும் இல்லை. கணவனுக்கு அதிகாரம் கூடக்கூட, கேட்க வேண்டிய கடமையும் அவன் மீது கூடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. மனைவிக்கு வாந்தி வருவதைப் பார்த்துப் பயந்துதான் வேறு வழி தேடினார். காப்பர்-டியும் கெட்டதல்ல. 380ஏ என்ற வகை பத்து வருஷம் வரை இருக்கும், வேண்டும்போது எடுத்துவிடலாம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதை விரும்பும் பெண்கள் புறப்படும் முன்பே, இங்கே தமிழில் பேசும் டாக்டரம்மாவிடம், சந்தேகமெல்லாம் கேட்டுத் தீர்த்துக்கொண்டு போட்டுக்கொண்டு போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி என்றால், அடுத்த ஊசியை எந்த ஊரில் போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வார மாத்திரை சிலருக்கு மாதவிடாயைத் தள்ளிப்போடும். அது தெரியாமல் அங்கே போய்ப் பதறக் கூடாது. விசா, டிக்கெட், மசாலாப் பொடி என்று எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போடும் நாம் இதற்குப் போடுவதில்லை.

நான் அந்தத் தம்பிக்கு மறுபடி போன் செய்தேன். என் பதில் பாதிப் பதில் என்று சொன்னேன். போனை மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, நானும் என் வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்துவிட்டு வராண்டாவுக்கு வந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். தெரியாத டாக்டரிடம் காப்பர்-டி போட அவளுக்குப் பயம், பழைய மாத்திரையே போதும் என்றாள். பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஊரிலிருந்து போகும் சொந்தக்காரர் ஒருவர் பெருநாளுக்குப் பிறகு மாத்திரை கொண்டுபோகிறார். டாக்டரம்மாவின் சீட்டும் கூடவே போக வேண்டும், அதில் அவள் பெயர் தெளிவாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.