‘வேண்டாம்’ என்பதன் விலை

எங்கள் றெஸ்ரோறன்டின் பின்கதவால் வெளியே வந்தால் தெருவுக்கு அப்பால் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடக் கட்டிடம் தெரியும். இரவு பதினொரு மணிக்குக் குப்பை வாளிகளை இழுத்துக்கொண்டு வரும்போதும் அதன் மூன்றாம் மாடியில் வெளிச்சம் எரியும். அங்கே வேலை செய்பவர்கள் மத்தியானத்தில் எங்களிடம் சாப்பிட வருவார்கள். அவர்கள் சாப்பிட்ட கோப்பைகளை நாங்கள் கழுவுவோம். ஜேர்மனியில் நான் இருந்துவரும் இந்தப் பத்து வருடத்தில் அறிவியல் ஆய்வுக்கும் எனக்கும் இருந்த உறவு இவ்வளவுதான்.

போன மாரிகாலத்தில் அது கொஞ்சம் மாறியது. என்னோடு குசினியில் நிற்கும் பெடியன் ஒருவன், வந்து இரண்டு வருடமும் ஆகாதவன், ஒருநாள் வேலை முடிந்த பிறகு ஒரு கட்டுத் தாள்களை மேசையில் வைத்தான்.

“அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கையெழுத்து வைக்கிறதுக்கு முந்தி என்ன எழுதிக் கிடக்குதெண்டு தெரியவேணும்.”

பதினேழு பக்கம். புதிய மருந்து ஒன்றை நோய் இல்லாதவர்களுக்குக் கொடுத்து, அது உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது, என்ன செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. ஆறு நாள் அங்கேயே தங்க வேண்டும். பிறகு நாலு தடவை போய் இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்குத் தரும் காசு அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வட்டிக்கு எடுத்த காசு ஊரில் இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை. தாய்க்காரி ஒவ்வொரு மாதமும் தவணைக்கு முதல்நாள் போன் எடுப்பது எனக்குத் தெரியும்.

நான் ஊரில் விஞ்ஞானபீடத்தில் இரண்டு வருடம் படித்தவன். முடிக்கக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆய்வு என்ற சொல்லின் மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. என் அம்மா விழுங்கும் நீரிழிவு மாத்திரையை எங்கேயோ யாரோ ஒரு மனிதன்தான் முதன்முதலில் விழுங்கிப் பார்த்திருப்பான். ஆகவே, “இவர்களெல்லாம் எங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் மனதில் இருந்தது வேறொரு கேள்வி. “ஓம்” என்று கையெழுத்து வைக்கப் போகிற இவன் “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறானா? இல்லையென்றால் அந்த ஓமுக்கு என்ன பெறுமதி?

*

இந்தக் கேள்விக்கு இதே நாட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. நான் அதைத் தேடி வாசித்ததே அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான்.

ஆல்பேர்ட் நைசர் என்பவர் பிரெஸ்லோ பல்கலைக்கழகத்தில் தோல் நோய், பாலியல் நோய்ப் பேராசிரியராக இருந்தவர். அந்த நகரம் இன்று போலந்தில் வுரொட்ஸ்வாவ் என்ற பெயரில் இருக்கிறது. மேகவெட்டை நோயின் கிருமியை 1879-இல் கண்டுபிடித்தவர் அவரே. 1892-இல் அவர் சிபிலிஸ் நோய்க்குத் தடுப்பு ஒன்றைத் தேடினார். நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை, வேறு காரணங்களுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பெண்களுக்கு ஏற்றினார். அவர்களில் பாலியல் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை. சிலருக்குப் பின்னர் சிபிலிஸ் வந்தது. அது ஊசியால் வந்ததல்ல, அவர்கள் செய்த தொழிலால் வந்தது என்பது நைசரின் விளக்கம். 1898-இல் அதைத் தானே எழுதிப் பிரசுரித்தார். மறைக்க வேண்டியதாக அவருக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பத்திரிகைகள் எழுதின. பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. ஒழுங்காற்று நீதிமன்றம் அவருக்கு 300 மார்க் அபராதம் விதித்தது. மருந்து சரியா பிழையா என்பதற்காக அந்தத் தண்டனை விதிக்கப்படவில்லை. அந்தப் பெண்களின் சம்மதத்தைக் கேட்காதது பிழை என்றே தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1900 டிசம்பர் 29-இல் பிரஷ்ய அரசு ஆஸ்பத்திரிகளின் தலைவர்களுக்கு ஒரு பணிப்புரை அனுப்பியது. சிகிச்சைக்காக அல்லாத எந்தப் பரிசோதனையையும், வரக்கூடிய தீங்குகளை விளக்கி, ஐயமறச் சம்மதம் பெறாமல் செய்யக்கூடாது. சிறுவர்களிலும், சொந்தமாக முடிவெடுக்க முடியாதவர்களிலும் செய்யவே கூடாது.

1931-இல் இன்னும் விரிவான நெறிகள் ஜேர்மன் அரசால் வெளியிடப்பட்டன. அதற்கு முதல் வருடம் லூபெக் நகரில் பழுதான காசநோய்த் தடுப்பு மருந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. அந்த நெறிகளில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. ஒருவரின் சமூக நெருக்கடியைப் பயன்படுத்தி அவரில் புதுவகைச் சிகிச்சை செய்து பார்ப்பது வைத்திய ஒழுக்கத்துக்கு ஒவ்வாது என்கிறது அது. கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, கையெழுத்து வைக்கிறவனின் வயிற்றையும் பார் என்பதுதானே இதன் பொருள்? தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே ஓர் அரசு அலுவலகத்தில் யாரோ இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த நெறிகள் இருந்த அதே நாட்டில், 1943 ஓகஸ்டில், ஸ்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர் ஔகுஸ்ட் ஹிர்ட்டின் எலும்புக்கூட்டுச் சேகரிப்புக்காக, அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட 86 யூதர்கள் நாட்ஸ்வைலர் முகாமில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். 57 ஆண்கள், 29 பெண்கள். அவர்கள் எல்லோருடைய பெயர்களும் அறுபது வருடம் கழிந்துதான் கண்டுபிடித்து வெளியிடப்பட்டன. சம்மதம் கேட்கும் விதி மனிதர்களுக்கானது. இவர்கள் மனிதர்கள் அல்ல என்று முதலில் தீர்மானித்துவிட்டால் விதியை மீற வேண்டிய தேவையே வருவதில்லை. 1947-இல் நூரென்பேர்க் தீர்ப்போடு வந்த பத்து விதிகள் சுயவிருப்பமான சம்மதத்தை முதலாவதாக வைத்தன. பரிசோதனைக்கு உட்படுகிறவர் தன்னால் தொடர முடியாதென்று கருதினால் அதை முடித்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருக்க வேண்டும் என்பது ஒன்பதாவது.

*

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது சட்டம் இருக்கிறது, ஒழுக்கக் குழு இருக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான். அந்தப் பதினேழு பக்கங்களும் அதற்குச் சாட்சி. யாரும் அவனை ஏமாற்றவில்லை.

ஆனால் ஏமாற்றாமலும் ஆபத்து வரும். வூர்ட்ஸ்பூர்க் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து பிறந்த ஒரு சிறு நிறுவனம், நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டும் மருந்து ஒன்றைத் தயாரித்தது. 2006 மார்ச் 13-இல் லண்டனில் அது முதன்முறையாக மனிதருக்கு ஏற்றப்பட்டது. ஆரோக்கியமான ஆறு இளைஞர்கள். ஆளுக்கு 2000 பவுண். மிருகங்களில் தீங்கில்லை என்று கண்ட அளவின் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏற்றி, அவருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கு ஏற்றினார்கள். இரண்டு மணித்தியாலம் ஆவதற்குள் ஆறு பேரும் துடித்தார்கள். உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. உயிர் தப்பினார்கள். ஆனால் ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். குரங்கின் கலங்களும் மனிதனின் கலங்களும் அந்த மருந்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அதன் பின் ஐரோப்பாவில் விதிகள் இறுக்கப்பட்டன.

அந்த ஆறு பேரும் கையெழுத்து வைத்தவர்கள்தான். தாளில் எழுத முடிந்தது தெரிந்த ஆபத்துகளை மட்டுமே. தெரியாததைத் தாங்குவதற்கு உடம்பு வேண்டும். அந்த உடம்பை யார் தருவது? காசு தேவைப்படாத ஒருவன் இரண்டாயிரம் பவுணுக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுப்பானா?

இதையெல்லாம் நான் அவனுக்குச் சொன்னேன். 1931-ஆம் ஆண்டு நெறியையும் சொன்னேன். “தம்பி, உன்ர கஷ்டத்திலை இருந்து வாற சம்மதம் சம்மதமில்லை” என்று முடித்தேன். அவன் கோப்பை மெசினின் மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை பேசாமல் நின்றான்.

“அண்ணை, இந்தக் குசினியிலை பன்னிரண்டு மணித்தியாலம் நிக்கிறதுக்கு ஆர் என்னட்டைச் சம்மதம் கேட்டவை? நாரி முறியுது. இதுக்குப் பதினேழு பக்கத்திலை ஆரும் ஆபத்து எழுதித் தந்தவையோ? அங்கை போனால் ஆறு நாளும் டொக்டர் வந்து பாப்பார். கடனிலை கால்வாசி போகும். வேண்டாமெண்டு சொல்லுறீங்கள். சரி. அந்தக் காசை நீங்கள் தருவீங்களோ?”

நான் வாயடைத்துப் போனேன். என்னிடம் அந்தக் காசு இல்லை. இருந்தால் கொடுத்திருப்பேனா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

*

அன்றிரவு நித்திரை வரவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நெருக்கடியில் சொல்லும் ஓம் செல்லாது என்றால் அகதி சொல்லும் எந்த ஓமும் செல்லாது. நாங்கள் ஏறிய வள்ளம், கொடுத்த விரலடையாளம், வாங்கும் சம்பளம் எதுவும் செல்லாது. ஏழைக்குத் தன்னைப்பற்றி முடிவெடுக்கத் தெரியாது என்று வசதியுள்ளவன் சொல்லும்போது அதில் இரக்கம் பாதி, இளக்காரம் பாதி. நானும் அந்தக் குரலில்தான் பேசியிருக்கிறேன்.

அப்படியானால் எல்லா ஓமும் சரியா? அதையும் ஏற்க முடியவில்லை. திரும்பத் தாள்களை எடுத்து வாசித்தேன். நாலாம் பக்கத்தில், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகலாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. பதினான்காம் பக்கத்தில் காசு விபரம். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு தொகை. பெரும்பகுதி கடைசி இரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு. இரண்டு பக்கங்களும் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பதினான்காம் பக்கம் நாலாம் பக்கத்தைத் தின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் தலை சுற்றினால் கடன்காரன் கட்டிலை விட்டு எழும்பிப் போவானா? தலைச்சுற்றை டொக்டருக்குச் சொல்லாமல் மறைக்கத்தான் பார்ப்பான். அப்போது அறிவியலுக்கும் பொய்தான் கிடைக்கும்.

எனக்குப் பட்டது இதுதான். ஒருவன் ஏழையா இல்லையா என்று பார்த்து அவனுடைய சம்மதத்தை அளக்க முடியாது. அவன் “வேண்டாம்” என்று சொன்னால் என்ன இழப்பான் என்பதைப் பார்த்து அளக்கலாம். ஓமுக்குக் காசு கொடுப்பதில் பெரிய பிழை இல்லை. வேண்டாம் என்பதற்கு விலை வைப்பதுதான் பிழை. வறுமையை ஆய்வாளர் ஒழிக்க முடியாது. ஆனால் விலகுகிறவனுக்கு அதுவரை வந்த நாட்களின் முழுக் காசையும் கொடுக்கலாம். ஏதும் நடந்தால் ஆயுளுக்கும் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுக்கலாம். குசினி முதலாளிக்கும் இதே அளவுகோலைப் பிடிக்கலாம். நாளைக்கு வேலைக்கு வர ஏலாது என்றால் ஒருவன் என்ன இழப்பான்? வேலையா, விசாவா? எங்களில் பலருக்கு இரண்டும். பெடியன் என்னைக் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் மறுமொழி இது. அவனுக்கு அது பாதி மறுமொழிதான்.

அடுத்தநாள் அவனோடு நானும் போனேன். மூன்றாம் மாடி. வெளிச்சத்தின் கீழ் இருந்தவர் எங்களிடம் சாப்பிட வரும் ஒரு பெண் டொக்டர். மரியாதையாகப் பேசினார். நாங்கள் நாலாம் பக்கத்தையும் பதினான்காம் பக்கத்தையும் விரித்து வைத்துக் கேட்டோம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். காசு முறை தன் கையில் இல்லை என்றும், குழுவுக்கு எழுதுவதாகவும் சொன்னார். எழுதினாரா என்று நான் பிறகு விசாரிக்கவில்லை.

பெடியன் கையெழுத்து வைத்தான். ஆறு நாளும் நான் அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்தேன். ஒவ்வொரு இரவும் குப்பை கொட்டப் போகும்போது மேலே பார்த்து, “தலை சுத்துதோ? சுத்தினால் சொல்லு. காசு போனாலும் பரவாயில்லை, தவணையை நான் பாக்கிறன்” என்று போனில் சொன்னேன். என்னால் எப்படிப் பார்க்க முடியும் என்று எனக்கே தெரியாது. ஒரு சீட்டை முற்கூட்டியே எடுக்கலாம் என்று மட்டும் யோசித்து வைத்திருந்தேன்.

அவன் சுகமாகத் திரும்பி வந்தான். கடைசி இரத்தமும் கொடுத்து முடித்துக் காசை ஊருக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் இரவு கொஞ்சம் சத்தி வந்ததாம். டொக்டருக்குச் சொன்னாயா என்று கேட்டேன்.

“சொன்னனான் அண்ணை. நீங்கள் சீட்டு எடுக்கிறதெண்டு நிண்டபடியால் சொன்னனான்.”