நடுநிலை நயவஞ்சகமா?

உண்மை என்று உள்ளத்தால் உறுதி கொண்ட ஒன்றை, “இது உண்மை” என்று எழுதாமல், “இன்னார் இதனை உண்மை என்று நம்புகின்றனர்” என்று எழுதுவது ஒரு முஃமினுக்குத் தகுமா? அப்படி எழுதுவது ஈமானில் ஒரு படி கீழிறங்குவதாகுமா? அல்லது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் நிஃபாக்கின் சாயல்தான் அதில் இருக்கிறதா?

இக்கேள்வியை இன்று நம் இளைஞர்கள் நேருக்கு நேர் சந்திக்கின்றனர். ‘விக்கிப்பீடியா’ என்னும் கலைக்களஞ்சியத்தை அறியாத வீடு இன்று குறைவு. பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்கு அதைப் பார்க்கின்றனர். பெரியவர்கள் செல்போனில் எதைத் தேடினாலும் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர் அதனைத் தொடங்கினர். தமிழில் அது 2003ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. சம்பளம் பெறும் ஆசிரியர் குழு எழுதும் நூலன்று அது. யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம்.

அப்படியானால் அது வாய்க்கு வந்ததைப் பேசும் சந்தைக் கடையாக அல்லவா ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆகாமலிருக்க மூன்று விதிகளை வைத்திருக்கின்றனர். ஒன்று, எழுதும் செய்திக்கு நம்பகமான வெளியீடு ஒன்று சான்றாக வேண்டும். இரண்டு, எழுதுபவர் தம் சொந்த ஆராய்ச்சியை அங்கே கொட்டக் கூடாது. மூன்று, கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் ஒரு பக்கம் சாயாமல், யார் என்ன சொல்கின்றனர் என்பதை மட்டும் எடுத்துரைக்க வேண்டும். புதிதாக எழுதப் புகும் நம் பிள்ளைகள் முட்டிக் கொள்வது இந்த மூன்றில்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். கேரளத்தில் கொடுங்கல்லூரில் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் இருக்கிறது. ஓர் இளைஞர் அதைப் பற்றி எழுத அமர்கிறார் என்று வைத்துக் கொள்வோம். “இது கி.பி. 629ல் கட்டப்பட்டது. சேரமான் பெருமாள் மன்னர் சந்திரன் பிளந்ததைக் கண்ணால் கண்டு, மக்கா சென்று, நபி (ஸல்) அவர்களின் திருக்கரத்தில் இஸ்லாத்தைத் தழுவினார்” என்று ஆர்வம் பொங்க எழுதுகிறார். சற்று நேரத்தில் யாரோ ஒருவர் அதன் அருகே ‘சான்று தேவை’ என்று குறியிடுகிறார். இன்னொருவர் ‘கட்டப்பட்டது’ என்பதை, ‘கட்டப்பட்டதாக மரபுவழிச் செய்தி கூறுகிறது’ என்று மாற்றி, வரலாற்றாசிரியர்கள் பலர் பிற்காலத்தையே குறிப்பிடுகின்றனர் என்று ஒரு வரியும் சேர்க்கிறார். இளைஞருக்கு இரத்தம் கொதிக்கிறது. “இது மார்க்கத்தின் பகைவர் வேலை” என்கிறார்.

சகோதரர்களே, அவசரப்பட வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபு மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’ என்னும் ஃபிக்ஹு கிதாபை இயற்றியவர் யார்? பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். அப்பெரியார் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்று ஒரு வரலாற்று நூலும் எழுதினார்கள். போர்த்துகீசியரின் கொடுமையை எதிர்த்து நிற்க மக்களை அழைத்த நூல் அது. அதில் இந்த மன்னரின் செய்தியும் வருகிறது. மன்னர் இஸ்லாத்தைத் தழுவியது நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே என்று மலபார் முஸ்லிம்களிடையே பரவியிருந்த நம்பிக்கையை அப்பெரியார் மறைக்கவில்லை, அதை எடுத்துரைத்தார்கள். எடுத்துரைத்த கையோடு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், உறுதியான ஆண்டு தெரியவில்லை என்றும், ஹிஜ்ரி 200க்குப் பிறகே அது நிகழ்ந்திருக்கக் கூடும் என்றும் எழுதி வைத்தார்கள்.

மார்க்கத்தின் பகைவரா அவர்கள்? சந்திரன் பிளந்தது நம் ஈமானைச் சேர்ந்த விஷயம். அதை இன்ன நாட்டு மன்னர், இன்ன ஆண்டில் கண்டார் என்பது வரலாற்றுச் செய்தி. இரண்டும் வெவ்வேறு. பின்னதில் ஆதாரம் கேட்டவர் முன்னதை மறுத்தவராக மாட்டார். ஊராரின் நம்பிக்கையை ஊராரின் நம்பிக்கையாகவும், தம் முடிவைத் தம் முடிவாகவும் பிரித்துக் காட்டிய அந்த ஆலிமின் எழுத்து முறையைத்தான் ‘சான்று தேவை’ என்ற அந்தச் சிறு குறியும் கேட்கிறது.

ஆதாரம் கேட்பது நம் சமுதாயத்திற்குப் புதிதுமன்று. செய்தி கொண்டு வருபவர் நம்பத்தகாதவராயின் அதைத் தீர விசாரித்துக் கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் கட்டளையிடுகிறது. குழப்பங்கள் தோன்றிய காலத்தில், “யாரிடம் கேட்டீர்?” என்று வினவத் தொடங்கிய நம் முன்னோர்கள், அதையே பெரியதொரு கலையாக வளர்த்தார்கள். அதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. இம்ரான் பின் ஹித்தான் என்பவர் கவாரிஜ் கொள்கையினர். ஆயினும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் அவர் வழியாக வந்த அறிவிப்புக்கு இடமளித்தார்கள். கொள்கையில் மாறுபட்டவர், செய்தியில் நம்பகமானவராக இருக்கலாம். நம்மவர் என்பதாலேயே ஒருவர் சொன்னதெல்லாம் ஆதாரமாகி விடாது. விக்கிப்பீடியாவில் புகும் இளைஞர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இதுவே.

அதே சமயம் ஒரு பெரும் வேறுபாட்டையும் மறக்கலாகாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரே ஆராயப்படுகிறார்: அவருடைய நாணயம், நினைவாற்றல், யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் அலசப்படும். ஆள் யாரென்றே தெரியாத ‘மஜ்ஹூல்’ ஒருவரின் அறிவிப்பை முஹத்திஸுகள் ஏற்பதில்லை. விக்கிப்பீடியாவில் எழுதுவோரில் பெரும்பாலோர் புனைபெயரில் எழுதும் மஜ்ஹூல்களே! அதனாலேதான், “நான் சொல்கிறேன், நம்புங்கள்” என்பதற்கு அங்கே இடமில்லை. ஆளை எடை போட முடியாத இடத்தில் அவர் காட்டும் நூலைத்தான் எடை போட முடியும். இந்த விதி காக்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2005ஆம் ஆண்டில், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை, அதிபர் கென்னடியின் கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ ஒருவர் எழுதிய பொய், சுமார் நான்கு மாதங்கள் எவராலும் நீக்கப்படாமல் அங்கே கிடந்தது. ஆதாரமற்ற ஒரு வரி ஒரு மனிதரின் மானத்தோடு விளையாடிவிட்டது. கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே ஏன் வைத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இனி நடுநிலைக்கு வருவோம். அங்குமில்லாமல் இங்குமில்லாமல் தடுமாறுவதை முனாஃபிக்குகளின் குணமாக அன்னிஸா அத்தியாயத்தின் 143ஆவது வசனம் காட்டுகிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வசனம் பேசுவது உள்ளத்தின் தடுமாற்றத்தை. நாம் பேசுவது எழுத்தின் நேர்மையை. தாம் எதை நம்புகிறோம் என்பதில் தடுமாறுவது நோய். பிறர் எதை நம்புகின்றனர் என்பதை உள்ளது உள்ளபடி சொல்வது அமானிதம்.

நம் முன்னோர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்) அவர்கள் சமஸ்கிருதம் கற்று, சுமார் 1030ஆம் ஆண்டில் இந்திய மக்களின் சமயத்தையும் கலைகளையும் பற்றி ‘கிதாபுல் ஹிந்த்’ எழுதினார்கள். இது தர்க்க நூலன்று, அம்மக்களின் கூற்றை அவர்கள் கூறியவாறே எடுத்து வைப்பேன் என்று முகவுரையிலேயே நிபந்தனை விதித்துக் கொண்டார்கள். அதனால் அவர்களின் தவ்ஹீத் குறைந்ததா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ எழுதியது யாவரும் அறிந்தது. அதே தத்துவவாதிகளின் கொள்கையை விளக்கிக் கூற மட்டும் ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்று தனி நூல் எழுதினார்கள். எந்த அளவுக்கு நேர்மையாக எழுதினார்கள் என்றால், பிற்காலத்தில் அதன் லத்தீன் மொழிபெயர்ப்பைப் படித்த ஐரோப்பியர் பலர், கஸ்ஸாலியே அக்கொள்கையினர் என்று எண்ணிவிட்டார்கள்! விளக்குவதற்கு ஓரிடம், மறுப்பதற்கு வேறோர் இடம். மிம்பரில் நிற்பவர் அழைப்பாளர். கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர் அறிவிப்பாளர். அழைக்க வேண்டிய இடத்தில் வாய் மூடுவது குற்றம். அறிவிக்க வேண்டிய இடத்தில் தம் சொல்லைக் கலப்பதும் குற்றமே.

இன்னொன்று. நடுநிலை என்றால் எல்லாக் கூற்றுக்கும் சரிபாதி இடம் தருவதென்று பொருளன்று. பூமி உருண்டை என்பாருக்கும் தட்டை என்பாருக்கும் சமமாக இடம் ஒதுக்குவது நீதியாகாது. ஆதாரத்தின் கனத்திற்கு ஏற்ப இடம் தர வேண்டும் என்பதே விக்கிப்பீடியாவின் விதியும்.

நம் இளைஞர்களின் நெஞ்சில் அதிகம் தைப்பது, நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயருக்குப் பின் ஸலவாத்துக் குறி நீக்கப்படுவதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவின் எழுத்து முறை விதி அதனைச் சேர்ப்பதில்லை. இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் எழுதுவோர் ஸலவாத்தை முழுமையாக எழுத வேண்டும், அதில் சலிப்படையக் கூடாது என்று வற்புறுத்தினார்கள். அவர்களே இன்னொன்றையும் பதிந்தார்கள்: இமாம் அஹ்மது பின் ஹன்பல் (ரஹ்) அவர்களின் கையெழுத்தில் பல இடங்களில் ஸலவாத்து எழுதப்படாமல் இருந்தது, தமக்கு அறிவிக்கப்பட்ட வாசகத்தில் ஒன்றைக் கூட்ட விரும்பாமையே அதற்குக் காரணமாயிருக்கலாம், எழுதாவிடினும் நாவால் ஓதிக்கொண்டார்கள் என்று செய்தி உண்டு. நம் வீட்டில், நம் ஏட்டில், நம் நூலில் ஸலவாத்தை எழுதுவோம். பிறர் விதியுள்ள இடத்தில், நாவால் ஓதுவதை யார் தடுக்க முடியும்? அதற்கும் மனம் ஒப்பாதவர் அங்கே எழுதாமல் இருக்கலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் விதியை ஏற்பதாகக் காட்டிவிட்டு மறைமுகமாக மீறுவது முஃமினுக்கு அழகன்று.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த விதிகளில் உள்ள ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அச்சில் ஏறியதே சான்று என்றால், அச்சில் ஏறாதவர்களின் உண்மை என்னாவது? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மூத்த பெண்களின் நெஞ்சில் இருக்கும் வரலாறு எந்த நூலில் வந்தது? அரபுத் தமிழில் எழுதப்பட்ட எத்தனை ஏடுகள் பரண்மேல் கிடக்கின்றன? வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதி வைத்தது சான்றாகிறது. நம் பாட்டனார் சொன்னது சான்றாவதில்லை. இதில் வேதனைப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் பரிகாரம் விதியோடு சண்டையிடுவதில் இல்லை. பள்ளிவாசலின் பழைய கணக்குப் புத்தகங்களைக் கரையான் தின்னாமல் காப்பதிலும், வக்ஃபு பத்திரங்களைப் பிரதி எடுப்பதிலும், முதியோர் சொல்வதை, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்ற விவரத்தோடு எழுதிப் பதிப்பிப்பதிலும் இருக்கிறது. இதை ஒவ்வொரு மஹல்லாவும் செய்யலாம்.

படிப்போருக்கும் ஒரு சொல். விக்கிப்பீடியா வழிகாட்டிப் பலகை, ஊரே அன்று. அடியில் காட்டப்பட்ட நூல் எது என்று பாருங்கள், அந்நூலைத் தேடுங்கள். மார்க்கச் சட்டத்தை அங்கிருந்து எடுக்காதீர்கள். அதற்கு ஆலிம்களிடம் செல்லுங்கள். எழுதப் போகும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: நமக்கே பாதகமாயினும் நீதியில் உறுதியாய் நிற்கும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் பணிக்கிறது, ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதிக்கு இழுத்துவிடலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆவது வசனம் எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் நெஞ்சில் ஏந்திச் செல்பவருக்கு எந்தக் கலைக்களஞ்சியத்தின் நடுநிலை விதியும் பாரமாக இராது.

நாம் கேட்டதை ஆராய்ந்து ஏற்கவும், ஏற்றதை நேர்மையாக எடுத்துரைக்கவும், நம் உள்ளத்தின் உறுதியை என்றும் இழக்காதிருக்கவும் வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன்.