பதில் வராத மாதங்கள்

ப. சிங்காரம் மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவரிடம் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் அவர் கண்ட வாழ்க்கைதான் அதன் சரக்கு. 1962 வாக்கில் எழுதி முடித்த அந்தப் பிரதி பதிப்பாளர் பதிப்பாளராக அலைந்து, 1972இல்தான் நூலாக வந்தது. அதுதான் ‘புயலிலே ஒரு தோணி’. தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இன்று அதைத் தவறாமல் சேர்க்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு சிங்காரம் நாவல் எழுதவில்லை. கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ ஒன்று, இது ஒன்று. 1997இல் அவர் காலமானபோது கணக்கு அந்த இரண்டோடு நின்றிருந்தது.

அவருக்கு அனுபவம் இருந்தது, மொழி இருந்தது, பத்திரிகை அலுவலகத்தில் நாள்தோறும் எழுத்தோடு புழங்கும் வாழ்க்கையும் இருந்தது. எழுதியதைப் படித்துவிட்டு உரிய நேரத்தில் பேச ஆள்தான் இல்லை.

புதிதாக எழுத வருகிறவர்களிடம் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: “மனசைத் தளரவிடாதே, நம்பிக்கையோடு எழுது.” சொல்பவரின் அன்பில் குறை இல்லை. ஆனால் நம்பிக்கையை எங்கிருந்து எடுப்பது என்று அந்த அறிவுரை சொல்வதில்லை. முதல் கதையை அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் ஒருவருக்கு, தனக்குள்ளிருந்தே அதை இறைத்துக்கொண்டிருக்க எவ்வளவு நாள் முடியும்? எழுதுகிறவரின் உற்சாகம் அவருடைய குணத்தைவிட அவர் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. நீண்ட காலம் எழுதியவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இது தெரியும்.

ஒரு காலத்தில் கதையோடு போதிய தபால் தலை ஒட்டிய, சுயமுகவரி எழுதிய உறையும் சேர்த்து அனுப்ப வேண்டும். தேறாத கதை அதே உறையில் திரும்பி வரும். கூடவே நாலு விரல் அகலத்தில் அச்சடித்த ஒரு சீட்டு: பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தன் கையெழுத்தில் தன் பெயருக்கே வந்த உறையைத் திண்ணையில் உட்கார்ந்து பிரிப்பது எழுதுகிறவருக்குச் சங்கடமான காரியம்தான். ஆனாலும் அது ஒரு பதில். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. மின்னஞ்சலில் கதை போகிறது. குறிப்பிட்ட நாளுக்குள் தகவல் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று கொள்ளவும் என்பதோடு சரி. கதை பிடிக்கவில்லையா, நீளம் கூடிவிட்டதா, அதே மாதிரி இன்னொன்று ஏற்கெனவே கைவசம் இருந்ததா, யாரும் திறந்தே பார்க்கவில்லையா, எதுவும் தெரியாது. தெரியாத இடத்தை எழுதியவரின் மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. அநேகமாக, ‘எனக்கு எழுத வரவில்லை’ என்றுதான் நிரப்பிக்கொள்கிறது.

ஒரு வார இதழில் கதைக்கு ஒதுக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. வந்து சேரும் கதைகளோ அந்தப் பக்கங்களுக்குள் அடங்காதவை. நல்ல கதையும் திரும்பும், சுமாரான கதையும் அச்சேறும். இதைப் புரிந்துகொண்டவர் ஒரு காரியம் செய்வார்: முதல் கதையின் முடிவு தெரிவதற்குள் அடுத்த கதையின் பாதியில் இருப்பார். அப்போது திரும்பி வரும் கதை அவருடைய ஒரே கதையாக இருக்காது. அடி விழும், ஆனால் அது முழு ஆளின் மேல் விழாது.

அடுத்தது, எழுதுவதற்கான நேரமும் இடமும். இரண்டும் வசதியாக அமையும் என்று காத்திருந்தவர்கள் தமிழில் எழுதியதாகத் தெரியவில்லை. லா.ச. ராமாமிருதம் வங்கியில் வேலை பார்த்தார். தோப்பில் முஹம்மது மீரானுக்கு வத்தல் வியாபாரம். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. ‘லாக்கப்’ எழுதிய மு. சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டுநர். 1983இல் குண்டூர்க் காவல் நிலையத்தில் அடைபட்ட அனுபவத்தைத்தான் அவர் எழுதினார். அந்த நூல் வந்தது 2006இல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. பிறகு அது வெற்றிமாறனின் ‘விசாரணை’ படமானது.

நேரமும் இடமும் இல்லை என்ற சொல்லுக்கு அதன் முழு எடையும் சேர்ந்தது கவிஞர் சல்மாவின் வாழ்க்கையில். துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. திருமணத்துக்குப் பிறகு அவர் எழுதுவதே அந்த வீட்டில் ஆகாத காரியமாக இருந்தது. வீடு தூங்கிய பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, நின்றவாக்கிலேயே, கிடைத்த துண்டுத் தாள்களில் எழுதினார். எழுதியதை ஒளித்து வைத்தார். அந்தத் தாள்களை அவருடைய தாயார்தான் ரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். யார் எழுதியது என்று ஊருக்குத் தெரியாமலிருக்கப் புனைபெயர். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு 2000இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய மன உறுதியை வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாயாரையும் பார்க்க வேண்டும். தாள் எழுதியவரின் கையிலேயே முடங்காமல் வெளியே போக ஒரு வழி இருந்தது. மகள் எழுதுவது வீண் வேலை அல்ல என்று நம்பிய ஒருவர் அந்த வட்டாரத்திலேயே இருந்தார். எழுதுகிறவரைத் தாங்க அப்படி ஒரே ஒருவர் போதும். அந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

வை.மு. கோதைநாயகிக்கு அந்த ஒருவர் பட்டம்மாள் என்ற தோழி. கோதைநாயகி பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்ல வரும், எழுதத் தெரியாது. ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி உட்கார்ந்து எழுதினார். 1924இல் அது அச்சாயிற்று. கோதைநாயகி பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டார். மறு ஆண்டே ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். சொல்லச் சொல்ல எழுதியவர்தான் அவருடைய முதல் வாசகரும்கூட. அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்க எதிரே ஒரு முகம் இருந்தது.

இடைசெவலில் கி. ராஜநாராயணனுக்கு அதே ஊர்க்காரரான கு. அழகிரிசாமி வாய்த்தார். இருவரும் 1923இல் பிறந்தவர்கள். இருவருக்கும் இலக்கியத்தில் எவ்வளவு பித்தோ அவ்வளவு சங்கீதத்திலும். அழகிரிசாமி முதலில் எழுத வந்து, சென்னைக்குப் போய்ப் பத்திரிகை வேலையில் சேர்ந்தார். கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். இடையில் கடிதங்கள் ஓடின. கி.ரா.வின் சிறுகதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தபோது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார். கரிசல் மண்ணின் பேச்சை அப்படியே எழுத்தில் வைத்ததும், அந்த வட்டாரத்துக்கு ஓர் அகராதியே தொகுத்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. தொண்ணூறு வயதைத் தாண்டியும் எழுதினார். முப்பத்தைந்தில் தொடங்குவது தாமதம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர் என்றால் எந்த நண்பரும் ஆகிவிடமாட்டார். எழுதியதை வாட்சப்பில் அனுப்பியதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர் நல்ல மனிதராக இருக்கலாம், வாசகர் ஆகமாட்டார். “அருமை” என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுதியவர் அடுத்த கதையில் எதையும் மாற்ற முடியாது. அதைவிட உதவுவது சில நேரடிக் கேள்விகள். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலைக்கு எழுந்தாய்? மறுநாள் எந்த ஆளின் பெயர் ஞாபகத்தில் நின்றது? எந்தப் பேச்சு அந்த ஆள் பேசுகிற மாதிரி இல்லை? இலக்கியம் படித்தவராக இல்லாவிட்டாலும் இவற்றுக்கு யாரும் பதில் சொல்லலாம். அம்மா சொல்லலாம், உடன் வேலை செய்பவர் சொல்லலாம். பதிலாக “மூணாவது பக்கத்துல தூக்கம் வந்துடுச்சு” என்று வந்தால், முகம் சுருங்கினாலும், அன்று ராத்திரி திருத்துவதற்கு ஒரு பக்கம் கிடைத்துவிட்டது.

தளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. எழுத வருகிறவர் முதலில் வாசகர்தான். நல்ல எழுத்து எது என்று அவருடைய கண்ணுக்குத் தெரியும், கைக்கு இன்னும் பழகியிருக்காது. தி. ஜானகிராமனைப் படித்துவிட்டுத் தன் பக்கத்தைப் புரட்டுகிறவருக்குச் சோர்வு வராமல் என்ன செய்யும்? அந்தச் சோர்வைத் திறமையின்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் எழுத்தில் குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. ரசனை முன்னால் போகும், கை பின்னால் வரும். கை நடந்துவர வேண்டிய தூரத்தை எழுதித்தான் கடக்க வேண்டும்.

சுந்தர ராமசாமியின் கதை இதற்குப் பக்கபலம். சிறுவயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர் அவர். பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கத் தானே கற்றுக்கொண்டார். பிறகு தகழியின் மலையாள நாவலைத் தமிழாக்கிக் கையைப் பழக்கினார். ‘தோட்டியின் மகன்’ என்ற அந்த மொழிபெயர்ப்பு முழு நூலாக வந்தது 2000இல், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. இடையில், அறுபதுகளின் பிற்பகுதியில், சில ஆண்டுகள் அவர் எழுதாமலே இருந்தார். எழுபதுகளில் திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது; ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தது. எழுதாமல் போன மாதங்களைக் குற்றமாகச் சுமந்துகொண்டு நிற்பவர்கள், ஒரு பெரிய எழுத்தாளரின் வாழ்க்கையில் வருடக் கணக்கில் விழுந்த இடைவெளியை நினைத்துக்கொண்டு மறுபடி உட்காரலாம்.

நூல் வந்த பிறகு விழும் மௌனம் வேறு வகை. புதியவரின் தொகுப்பு இருநூறு, முன்னூறு பிரதி அச்சாவது இன்று சாதாரணம். அதில் கொஞ்சம் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அன்பளிப்பாகப் போய்விடும். அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் “படிச்சிட்டே இருக்கேன்” என்ற பதில் வரும். இந்தக் கட்டத்தில் கசப்பு சேரத் தொடங்கினால் அது அடுத்த நூலின் நடையிலும் இறங்கிவிடும்.

சி.சு. செல்லப்பா அந்தக் கசப்பில் தேங்கி நிற்கவில்லை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். நூல் விற்கவில்லையா, மூட்டை கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்தார். அவர் தன் எழுத்துக்காக மட்டும் நடக்கவில்லை. புதுக்கவிதை எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட்ட இளைஞர்களுக்கு அந்த இதழில் பக்கங்கள் கிடைத்தன. திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், கவிதை அனுப்பினார், ‘எழுத்து’ அச்சிட்டது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்கள் சேர்ந்து வந்தார்கள். தனியாக எழுதி ஓய்ந்துபோயிருக்கக்கூடிய பலருக்கு அங்கே பதில் கிடைத்தது. செல்லப்பாவுக்கோ, ‘சுதந்திர தாகம்’ நாவல் எண்பது வயதைத் தாண்டித்தான் நூலாயிற்று. 1998இல் அவர் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. தனக்கான பதில் வராத காலத்தில் பிறருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவரைச் சோர்விலிருந்து காத்ததில் அந்த வேலைக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

சுந்தர ராமசாமி தன் வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டிப் படைப்புகளைப் பேசினார். அப்படி ஒரு கூட்டத்துக்குப் பெரிய எழுத்தாளர் தலைமை தாங்க வேண்டும் என்பதில்லை. ஊரில் நான்கு பேர் எழுதுகிறவர்களாக இருந்தால் மாதத்தின் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளலாம். கிளை நூலகமோ, ஒருவர் வீட்டு மாடியோ, கூட்டம் குறைந்த நேரத்து டீக்கடையோ போதும். ஒருவர் கதையை முன்கூட்டியே மற்ற மூவருக்கும் அனுப்பிவிட வேண்டும். எழுதியவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். பேசுகிறவர் கதையில் எந்த வரி, எந்த இடம் என்று தொட்டுக்காட்டிப் பேச வேண்டும். அடுத்த மாதம் இன்னொருவர் கதை. நான்காவது மாதம் முடியும்போது ஒவ்வொருவர் கையிலும், கவனமாகப் படித்த மூன்று பேரின் கருத்தோடு திருத்திய ஒரு கதை இருக்கும். அதை இதழுக்கு அனுப்பிவிட்டு, பதிலை எதிர்பார்த்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்காமல், அவர்கள் ஐந்தாவது மாதத்துக்கான கதையைத் தொடங்கியிருப்பார்கள்.