தளர்ந்த மூடி

அழுத்தி மூடும் மரப் பேனாவில் மூடி தளர்ந்தால் நிப்பில் மை காய்ந்துபோகும். அதற்காகப் பலத்தைக் காட்டி இறுக்காதீர்கள். மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும்; நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில்தான் அந்த மாற்றம் அதிகம். குறுக்குவாக்கிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் மாறாததால்தான், வட்டமாகக் கடைந்த வாய் லேசாகக் கோணிப்போகிறது. இறுக்கினால் இழையோடு விரிசல் விடும்.

மூடி வந்து பொருந்தும் இடத்தில் தேன்மெழுகை விரல்நுனியால் மெல்லியதாகத் தடவி, துணியால் துடைத்துவிட்டு மூடிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு பூச்சு. பூசிய மெழுகைத் துடைத்தெடுக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தெடுத்த மரம் திரும்ப வராது.

பொருளோ, மனித உறவோ, எதைச் சீர்செய்யும்போதும், பிசகினால் திருத்திக்கொள்ள இடம் தரும் வழியையே முதலில் தேடுங்கள்.