நித்தியப்படி

பிரம்மோத்ஸவ காலத்தில் திவ்ய தேசங்களில் வந்து கூடும் அடியார்களின் கண்கள் இயல்பாகவே பெரியவற்றைத் தேடும். கருட ஸேவை, திருத்தேர், திருக்குடைகள், கோஷ்டியின் முழக்கம் என்று கண்ணுக்கும் செவிக்கும் நாள்தோறும் விருந்து. ஆயினும் ஆகம முறைப்படி உத்ஸவம் என்பது நைமித்திகத்தைச் சேர்ந்தது. ஒரு நிமித்தம் பற்றிக் குறித்த காலத்தில் நடைபெறுவது. அதற்கு அடிப்படையாக நிற்பது நித்தியம். விடியலில் திருக்காப்பு நீக்குதல், தீர்த்தம் கொணர்தல், திருவிளக்கேற்றுதல், தளிகை, திருமாலை, இரவில் மீண்டும் திருக்காப்புச் சேர்த்தல் ஆகிய இவை ஒரு நாளும் ஒழியலாகாது. தேரோட்டம் நின்றுபோன கோயில்கள் உண்டு. நித்தியப்படியே நின்றுபோனால் அதைக் கோயில் என்று சொல்லவே உலகம் தயங்கும்.

மனிதனுடைய ஆயுளிலும் திருமணம், மகப்பேறு, பதவி, யாத்திரை என்று எடுத்துச் சொல்லத்தக்க நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சிய ஆயிரக்கணக்கான நாட்கள் வாசல் தெளித்ததிலும், கணக்கெழுதியதிலும், குழந்தைக்குச் சோறூட்டியதிலும், நோயாளியின் தலையணையைச் சரிசெய்ததிலும் கழிந்தவை. அறுபது வயதில் ஒருவர் திண்ணையில் அமர்ந்து, இத்தனை ஆண்டுகளில் செய்தது என்ன என்று தம்மையே கேட்டுக்கொள்ளும்போது, எடுத்துரைக்க ஒன்றும் இல்லையே என்று நெஞ்சு கனக்கிறது. அந்தக் கனம் பொய்யன்று. எல்லாம் அவன் செயல் என்ற ஒரு சொல்லால் அதைத் துடைத்துவிடவும் இயலாது. சிறு செயல்களால் நிறைந்த வாழ்வு நிறைவான வாழ்வுதானா என்ற கேள்விக்கு நேராகவே விடை காண வேண்டும்.

மீமாம்ஸகர்கள் கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காம்யம் என்று வகுத்தனர். காம்யத்துக்குப் பலன் உண்டு. மழை வேண்டுவோனுக்கு ஒரு வேள்வி, மகவு வேண்டுவோனுக்கு ஒரு வேள்வி. நித்தியத்துக்கோ அவ்வாறு தனிப் பலன் பேசப்படுவதில்லை. செய்யாதொழிந்தால் குற்றம் என்பதே பெரும்பாலோர் துணிபு. கேட்பதற்கு இது வறட்சியாகத்தான் இருக்கிறது. கடனை அடைத்தவனுக்கு உள்ள ஆறுதலே இதில் மிஞ்சும். ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் அந்த வறண்ட நிலத்திலேயே நீர் பாய்ச்சினார்கள். கைங்கர்யம் வேறொன்றைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலையாகாது, அதுவே பேறு என்றனர். பிறிதொருவனுக்கு ஏற்றம் தருவதையே தன் இயல்பாக உடையது சேஷம் என்று ஸ்ரீராமாநுஜர் வேதார்த்த ஸங்கிரகத்தில் இலக்கணம் வகுத்திருக்கிறார். அந்த இலக்கணத்தில் செயலின் அளவுக்கு இடமே இல்லை. யாருக்காக என்பது ஒன்றே அங்கே நிற்கிறது.

சித்தாந்தம் சொல்வது எளிது. வாழ்ந்து காட்டியவர்களுள் பெரிய திருமலை நம்பி முதன்மையானவர். அவர் உடையவருக்குத் தாய்மாமன். திருமலை அடிவாரத்தில் ஓராண்டுக் காலம் அவருக்கு ஸ்ரீராமாயணப் பொருள் உபதேசித்த மகா வித்வான். அப்படிப்பட்டவருடைய நாள் எப்படித் தொடங்கிற்று? பாபவிநாசத் தீர்த்தத்துக்குச் சென்று, குடத்தில் நீர் முகந்து, தோளில் சுமந்து, காட்டு வழியே திருவேங்கடமுடையான் ஸந்நிதிக்கு வந்து சேர்வதில் தொடங்கிற்று. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம். மழையிலும் பனியிலும் முதுமையிலும் அவர் அதை விடவில்லை. ஒரு நாள் எம்பெருமானே வேடனாக வந்து, தாகம் என்று கேட்டுக் குடத்து நீரைப் பருகிவிட்டு, நம்பி கலங்கி நின்றபோது மலையில் அம்பெய்து ஆகாச கங்கையைத் தோற்றுவித்தான் என்பது வரலாறு. அவனுக்குத் தண்ணீர் கொணர்ந்த அந்தக் கைங்கர்யத்தை நினைவூட்டும் தண்ணீரமுது உத்ஸவம், அத்யயனோத்ஸவம் நிறைவுற்றதும் திருமலையில் இன்றும் நடைபெறுகிறது.

இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் அம்பிலும் அருவியிலும் மகிழ்ந்து அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் உள்ளதே ஊன்றி நோக்கத்தக்கது. அவ்வளவு அருள் சுரந்த பின்னும் நம்பிக்குக் குடத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. இனி ஆகாச கங்கையிலிருந்து நீர் கொணரலாம் என்று வழி சற்றுக் குறைந்தது, அவ்வளவே. நீர் சுமந்தவருக்குக் கிடைத்த பரிசு, மறுநாளும் நீர் சுமப்பது. அதைத் தண்டனையாக அவர் கருதியிருந்தால் அன்றே குடத்தை இறக்கி வைத்திருப்பார்.

அனந்தாழ்வானையும் இங்கே நினைக்க வேண்டும். திருமலையில் குளிரையும் தனிமையையும் பொறுத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்ய முன்வருவார் யார் என்று உடையவர் கேட்டபோது எழுந்தவர் அவர். நந்தவனம் அமைத்தார், அதற்கு நீர் வேண்டி ஏரி வெட்டினார். அவருடைய கடப்பாரை திருமலைக் கோயில் மகாத்வாரத்தில் இன்றும் தொங்குகிறது. அதன்கீழ் விரைந்து செல்லும் ஆயிரம் பேரில் நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே. ஒருமுறை அவர் கட்டுப் பிரஸாதத்துடன் மலையிறங்கி, வழியில் மூட்டையை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருக்கக் கண்டாராம். குலசேகரப் பெருமாள் அம்மலையில் ஏதேனும் ஒன்றாகப் பிறக்க வேண்டுமென்று ஏங்கினாரே, அங்கே வாழும் பேறு பெற்ற உயிர்களைப் பிரித்துக் கொண்டுவருவதா என்று நடுங்கி, மூட்டையைத் திரும்ப மலைமேல் சேர்ப்பித்தாராம். பசித்தவர், எறும்பின் இருப்பிடத்தைக் கருதினார். தினமும் பூக்களின் காம்பைப் பார்த்துப் பார்த்துத் தொடுத்த கண்ணுக்கே எறும்பும் தென்படும் போலும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். சிறியவற்றைப் போற்றுதல், பெரியன கிட்டாதவர்களுக்குச் சொல்லும் வெறும் சமாதானம் ஆகாதா? அந்த ஆக்ஷேபத்தில் பாதி நியாயம் உண்டு. அடுக்களையில் நாற்பது ஆண்டு நின்ற இல்லாளைப் பார்த்து, உன் பணியே உயர்ந்தது என்று உபந்யாஸம் செய்துவிட்டு, உண்ட இலையைக்கூட எடுக்காமல் எழுந்து போகிறவர் செய்வது போற்றுதல் ஆகாது. சுமை தாங்காதவன் சுமையின் பெருமையைப் பேசுவது எளிது. பெரிய கடமை வாசலில் வந்து நிற்கும்போது சிறிய பணிகளில் முகம் புதைத்துக்கொள்வதும் தகாது. போர்க்களத்தை விட்டுப் பிச்சையேற்று வாழலாம் என்ற அர்ஜுனனை, பார்த்தசாரதி அப்படி ஒதுங்க விடவில்லை. ஆனால் அதே கீதையில், இலை, பூ, பழம், நீர் என்று எவருக்கும் எட்டக்கூடிய நான்கைச் சொல்லி, அன்போடு இட்டால் ஏற்பேன் என்கிறான். தேரோட்டுவதையே தன் வேலையாக ஏற்றுக்கொண்டவன் வாயிலிருந்து அவ்வார்த்தை வந்தது என்பதையும் மறக்கலாகாது. குதிரைகளுக்கு நீர் காட்டி, அவற்றின் உடலில் தைத்த அம்புகளைக் களைந்த கைகள் அவனுடையவை.

ஆக்ஷேபத்தின் மறுபாதிக்கு விடை குசேலருடைய வீட்டில் இருக்கிறது. துவாரகைக்கு வெறுங்கையோடு போகலாகாது என்று, அவருடைய மனைவி அண்டை வீடுகளில் இரந்து நாலு பிடி அவல் பெற்றுக் கந்தையில் முடிந்து கொடுத்தாள். துவாரகையில் நடந்தவற்றை உலகம் பாடுகிறது. அவல் முடிந்தவளோ துவாரகையைப் பார்க்கவில்லை. ஸ்ரீமத் பாகவதம் அவளுடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. இருந்தும், கண்ணன் பிடுங்கி உண்டது எதை? செல்வம் கொழித்த அந்த மாளிகையில் அவனுக்கு இல்லாதிருந்த ஒன்று, அவள் கையால் முடிந்த அந்த முடிச்சில் இருந்தது. அண்டை வீட்டு வாசலில் கூசி நின்ற அந்தச் சில நொடிகளை அவள் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். உண்டவன் அறிந்திருப்பான்.

ஆகவே உத்ஸவத்துக்கு வந்த அடியார்கள், பெருமாளை ஸேவித்த கண்களைச் சற்றே தாழ்த்திப் பார்ப்பதும் ஸேவையே. வாஹனம் வருமுன் வீதியில் நீர் தெளித்துக் கோலமிட்டவர்கள், விடியுமுன் எழுந்து திருமாலை தொடுத்தவர்கள், ஸ்ரீபாதம் தாங்குவோரின் தோளில் காய்த்த தழும்பு, புறப்பாடு கடந்த பின் வாடிய பூவையும் இலைகளையும் கூட்டி அள்ளுகிறவர்கள் என்று பார்க்க வேண்டியவை பல. ஊருக்குத் திரும்பியதும் அவரவர் வீட்டில் இதே பணிகளைச் செய்யும் கைகள் கண்ணில் படும். படும்போது ஒரு குடத்தையாவது தாமே தூக்கலாம்.

கொடி இறங்கிய மறுநாள் விடியலில் வீதி வெறிச்சென்றிருக்கும். பந்தற்காரர்கள் கீற்றுகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே திருக்காப்பு நீங்கும். ஸேவிக்க இரண்டு மூன்று பேரே நிற்பார்கள். மடைப்பள்ளியில் அன்றைய தளிகைக்கு உரிய அரிசி, என்றும்போல் அதே படியால் அளக்கப்படும்.