வேகம் குறிக்காத பிரலூட்

சீடன்: ஐயா, ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக அரிக்கிறது. பாக் 1722-இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ முதல் புத்தகத்தைத் திறந்ததும் ஸி மேஜர் பிரலூட் வருகிறது. மொத்தம் 35 பார்கள். வேகக் குறிப்பு இல்லை, மெல்ல வாசி, உரக்க வாசி என்ற அடையாளமும் இல்லை. ஒருவர் தூக்கம் வரும்படி வாசிக்கிறார், இன்னொருவர் குதியாட்டம் போட வைக்கிறார். இரண்டையும் ரசிக்கிறார்கள். அப்படியானால் அந்த இசைக்கென்று சொந்தமாக வேகமோ பாவமோ கிடையாது என்றுதானே ஆகிறது?

குரு: எழுதவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? அதே புத்தகத்தின் கடைசி பிரலூட், பி மைனரில் உள்ளது, அதற்கு ‘ஆண்டாந்தே’ என்றும் அதை அடுத்த ஃபியூகுக்கு ‘லார்கோ’ என்றும் அவரே குறித்திருக்கிறார். வேண்டிய இடத்தில் எழுதியவர், இங்கே வேண்டாம் என்று விட்டிருக்கிறார். ஊஞ்சலில் உட்கார்ந்தவனிடம் எத்தனை நொடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று யாரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. கயிற்றின் நீளமே அதைச் சொல்லிவிடும்.

சீடன்: இதில் கயிறு எது, ஐயா?

குரு: ஒரு பாருக்கு ஒரு ஹார்மனி. எட்டு ஸ்வரம் கீழிருந்து மேலே விரியும், அதே எட்டு அப்படியே இன்னொரு தரம் வரும். அதற்குப் பிறகுதான் அடுத்த ஹார்மனி. முன்னே ஒரு வீச்சு, பின்னே ஒரு வீச்சு.

சீடன்: வேகம் இருக்கட்டும், பாவம்? அது கீயில் இருக்கிறது என்கிறார்களே? மாத்தேசோன் 1713-லேயே பட்டியல் போட்டாராமே?

குரு: போட்டார். ஸி மேஜர் முரட்டுத்தனமும் துணிச்சலும் உள்ளது என்றார். பிரான்சில் ஷார்பாந்தியே அதை உற்சாகமும் போர்க்குணமும் கொண்டது என்றார். இந்த பிரலூடில் போர் எங்கே இருக்கிறது? இன்று பரோக் இசைக்காரர்கள் பலர் ‘ஏ’-யை 415 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள், பியானோவில் அது 440. அவர்களுடைய ஸி நம் பியானோவின் பி. அதனால் பாவம் அரை ஸ்வரம் இறங்கிவிட்டதாக யாரும் அழவில்லை. அந்தக் காலத்து டியூனிங்கில் ஒவ்வொரு கீக்கும் ஒரு தனி நிறம் இருந்தது உண்மைதான். அது வேறு கச்சேரி, விடு.

சீடன்: விடுகிறேன். ஆனால் உங்கள் ஊஞ்சலை விடமாட்டேன். கயிற்றை நீட்டலாம், குறுக்கலாம் அல்லவா? 1696-இல் எத்தியென் லூலியே அதைத்தானே கருவியாகவே செய்தார்? கயிற்றில் குண்டைத் தொங்கவிட்டு, வேகத்துக்கு ஏற்ப நீளத்தை மாற்றுவது. பிறகு 1815-இல் மெல்ட்செல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பின் வந்த செர்னி தன் பதிப்பில் இந்த பிரலூடுக்கு ‘அல்லெக்ரோ’ என்று போட்டுவிட்டார். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் இது 2 நிமிடம் 20 விநாடி ஓடும். 112 என்றால் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். கயிறு கட்டுகிறவன் வாசிப்பவன்தான் என்றால் ஊஞ்சல் எதை நிரூபித்தது?

குரு: கேள்வி என்றால் இது கேள்வி. கயிற்றை வாசிப்பவன் கட்டலாம். ஆனால் உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவேதான் கட்ட முடியும். கால் தரையில் தேயும் அளவுக்கு நீட்டினால் ஊஞ்சல் நின்றுவிடும். உட்கார்ந்தவன் தலை உத்தரத்தில் இடிக்கும் அளவுக்குக் குறுக்கினால் அதில் ஆட முடியாது.

இந்த இசையில் தரை எது, உத்தரம் எது என்று இடது கையைப் பார்த்தால் தெரியும். முதல் பாரில் அடியில் ஸி. இரண்டாம் பாரில் அதன் மேலிருப்பவை எல்லாம் நகர்ந்துவிடுகின்றன, ஸி மட்டும் நகர மறுக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே டி வந்து உட்கார்ந்து உரசுகிறது. மூன்றாம் பாரில் ஸி ஒரு படி இறங்கி பி ஆன பிறகுதான் உரசல் தீர்கிறது. இப்போது ஹார்ப்சிகார்டை நினைத்துக்கொள். ஒருமுறை மீட்டிய தந்தியின் ஒலியை விரலால் வளர்க்க முடியாது, அது தேய்ந்துகொண்டேதான் போகும். அடியிலுள்ள ஸி அரை பாருக்கு ஒருமுறைதான் அடிக்கப்படுகிறது. அளவு மீறி மெதுவாகப் போனால் உரசுவதற்கு முன்பே ஸி செத்துவிடும். அதுதான் தரை. ஓட்டமாக ஓடினால் உரசலைக் காது உணர்வதற்குள் தீர்வு வந்துவிடும். அது உத்தரம். பியானோவில் ஒலி கூடுதல் நேரம் நிற்கும், ஆகவே அங்கே கயிறு கொஞ்சம் நீளலாம். ஹார்ப்சிகார்டுக்காரர் சற்று விரைவதும் பியானோக்காரர் சற்று நிதானிப்பதும் இதனால்தான்.

பாவமும் இந்த உரசலில்தான் இருக்கிறது. 22-ஆம் பாரைப் பார். அடியில் எஃப் ஷார்ப். அடுத்த பாரில் ஏ ஃபிளாட். அதற்கடுத்து ஜி. போய்ச் சேர வேண்டிய ஜி-யைக் கீழிருந்து ஒருமுறையும் மேலிருந்து ஒருமுறையும் உரசிவிட்டுத்தான் பாக் அதில் இறங்குகிறார். எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்கு நடுவே பாலம் கிடையாது, காது திடுக்கிடும். ஷ்வெங்கே என்பவருக்கு இது பொறுக்கவில்லை. நடுவில் ஒரு பாரைச் சொருகினார், பெரியவருக்கு ஏதோ விட்டுப்போய்விட்டது என்பது போல. செர்னியும் அதை அச்சிட்டார். 1853-இல் கூனோ இதன் மேல் ஒரு மெட்டைப் போட்டபோது அந்தச் சொருகலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். 1859-இல் ‘ஆவே மரியா’ என்ற பெயரில் அது சொற்களோடு வெளிவந்தது. பாடகரின் மூச்சுக்காக நிதானித்த வேகம் பிரலூடின் தலையிலும் ஏறிவிட்டது. நீ கேட்ட தூங்கவைக்கும் வாசிப்பில் பாதி கூனோவின் கைவரிசை என்பேன். சொருகிய பாரோடு வாசித்தால் எந்த வேகத்திலும் அந்தத் திடுக்கிடல் கிடைக்காது. அது இல்லாமல் வாசித்தால் 60-லும் கிடைக்கும், 90-லும் கிடைக்கும்.

பிறகு எட்டு பார்களுக்கு அடியில் ஜி அசையாமல் நிற்கிறது, மேலே எல்லாம் புழுங்குகிறது. 32-ஆம் பாரில் ஸி வந்துவிடுகிறது, அப்பாடா என்று உட்காரலாம் என்றால் மேலே பி ஃபிளாட்டை வைத்து பாக் மறுபடி கிளப்பிவிடுகிறார். 33, 34 இரண்டிலும் மட்டும் எட்டை எட்டாகத் திருப்பிச் சொல்லும் வழக்கம் கிடையாது. பதினாறு ஸ்வரமும் ஒரே வளைவாக ஏறி இறங்குகின்றன. வீச்சு இரண்டு மடங்காக நீண்டுவிட்டது, தட்டு மாறவில்லை. இங்கே கையாலும் வேகத்தைக் குறைப்பவர்கள் பலர். அவர் ஏற்கெனவே குறைத்து எழுதிவிட்டதை இன்னொரு தரம் குறைக்கிறார்கள், 34-ஆம் பார் அங்கேயே தொங்கிப்போகிறது. தட்டை விடாமல் 34-ஐ முடித்து, கடைசி ஸி மேஜர் கார்டை அதன் முழு நாலு தட்டுக்கும் பிடித்துக்கொண்டால் போதும்.